கைதட்டிக் கேட்ட பந்து

கூடைப்பந்தில் ஒரு சட்டம் உண்டு. எதிரணியின் வளையத்துக்குக் கீழே கோடு போட்ட கட்டத்துக்குள் நம் ஆள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் விசில், பந்து எதிராளிக்குப் போய்விடும். அந்த மூன்று விநாடிக்குள் "சின்னய்யா, இந்தப் பக்கம் தாங்க" என்று ஒருவனால் சொல்லி முடித்துப் பந்தையும் வாங்க முடியுமா? முடியாது. நான் சொல்லிப் பார்த்தவன்.

சின்னய்யா என்பது எங்கள் அணியின் நெட்டையன். எங்கள் ஊர்ப் பண்ணையாரின் ஒரே மகன். என் வயசு, என் வகுப்பு. நான் அந்தப் பண்ணையில் கூலிக்கு அறுத்தவரின் மகன். எங்கள் குடிசை நின்றதும் அவர்கள் மனையில்தான். இப்போது எழுதும்போது அவன் இவன் என்றுதான் எழுதப்போகிறேன். இனிமேல் என்னிடமிருந்து யார் எதைப் பிடுங்கிவிட முடியும்?

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் களிமண்ணைக் கெட்டித்துப் போட்ட மைதானம். மழை பெய்தால் நாற்றங்கால், வெயில் அடித்தால் பாறை. வெறுங்காலோடுதான் ஆட்டம். பள்ளியை முடித்த பிறகும் சாயங்காலமானால் அங்கேதான் கிடப்போம். நான் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் வருகிறவன். நெட்டையன் வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டத்தின் மேல் ஓரத்தில் நிற்கிறவன். மூலையில் நின்று இடது கையால் எறிகிறவன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பையன், எனக்கு உயிர்ச் சிநேகிதன். மற்ற இருவர் பந்தைப் பிடுங்கிக் கொடுக்கிறவர்கள்.

எங்கள் தாக்குதல் மொத்தமும் ஒரே ஒரு சங்கதியில் இருந்தது. நான் பந்தை நெட்டையனுக்குக் கொடுப்பேன். கொடுத்த கையோடு அவனை உரசிக்கொண்டு வளையத்துக்கு ஓடுவேன். என்னைத் தடுக்க வருகிறவன் நெட்டையன் உடம்பில் முட்டிக்கொண்டு நிற்பான். அந்த நொடியில் பந்து எனக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். ஆனால் தாண்டிப் போன பிறகு நான் அவனுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா, எங்கே வெட்டினேன் என்று முதுகைக் காட்டி நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் கூப்பிட வேண்டும். மற்ற அணிக்காரன் "டேய்" என்பான், வேலை முடிந்துவிடும். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடிய முதல் மாட்சில் நான் மரியாதையாகக் கேட்டு முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். எதிரணிப் பையன் ஒருவன் கேட்டான்:

"ஏன்டா, பந்து கேக்கறியா, மனு குடுக்கறியா?"

மைதானமே சிரித்தது. என் சிநேகிதனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், பாவி. நெட்டையன் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சாயங்காலம் கோபத்தோடுதான் மைதானத்துக்குப் போனேன். பந்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு ஓடினேன். வாயைத் திறக்கப் பிடிக்கவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வரப்பில் ஓடிக் குருவி விரட்டுவோமே, அதே மாதிரி பளீரென்று கையை ஒரு தட்டுத் தட்டினேன். பந்து என் கையில் இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கம் அவன் கை தானாகப் போயிருந்தது.

"அட! இன்னொரு தடவை தட்டு மாப்ள" என்றான் சிநேகிதன்.

அப்படித்தான் அது வந்தது. ஒரு தட்டு என்றால் இடப்பக்கம். இரண்டு தட்டு என்றால் வலப்பக்கம். பேர் இல்லை, அய்யா இல்லை, வாடா போடா இல்லை. கொஞ்ச நாளில் ஐந்து பேருக்குமே அது பாஷையாகிவிட்டது. விளையாட்டு வாத்தியார் இது தாம் கண்டுபிடித்த உத்தி என்று அடுத்த பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் அளந்தார். ஏன் கைதட்டுகிறோம் என்று நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. பேசாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யோசிக்கிறவன் அந்த ஆட்டத்தில் தோற்றான். தடுக்கிறவனின் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும்போதே கால் எதிர்ப்பக்கம் போயிருக்க வேண்டும். நான் ஓடினால் நெட்டையன் காத்திருந்தான். என் வழி அடைபட்டால் என் தட்டு வராது. தட்டு வராவிட்டால் பந்து மூலைக்குப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மூலையில் இடது கை தயாராக இருக்கும். அந்த நாலு கோட்டுக்குள் நான் நினைப்பதை அவன் கை செய்தது. கோட்டுக்கு வெளியே வந்து குழாயடியில் தண்ணீர் குடிக்கும்போது அவன் முதலில் குடித்தான். நான் அவன் நகர்ந்த பிறகு குடித்தேன்.

அந்த வருஷம் அறுவடைக்கு முன்பே ஊர் புகைய ஆரம்பித்தது. கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கொடுத்தால்தான் அரிவாளை எடுப்போம் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப்போவதாகச் சொன்னார். எங்கள் குடிசை வாசலில் அப்பா கொடிக்கம்பம் நட்டார். வாழ்நாள் முழுக்க "ஆண்டே, ஆண்டே" என்று குனிந்து கிடந்த மனுஷர், கொடி நட்ட நாளிலிருந்து "ஐயா" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். அதற்கே பண்ணை வீட்டில் முகத்தைச் சுளித்தார்கள்.

குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்திருப்பதாகக் கரை வேட்டிக்காரர்கள் மைக்கில் முழங்கினார்கள். சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் அது மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வரவேண்டுமென்றால் பண்ணையாரின் வரப்பு வழியாகத்தான் வர வேண்டும். அந்த வரப்பை அவர் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு வாய்க்கால் சேற்றில் இறங்கி நடந்தார்கள். அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்தாள். குடம் நசுங்கியது, இடுப்பும் போயிற்று.

இந்த நேரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. தஞ்சாவூரில் நடக்கிற போட்டியின் இறுதியாட்டத்துக்கு மேற்கே ஒரு பஞ்சாலையிலிருந்து ஆள் வருகிறார், மில் அணிக்கு ஒருவனை எடுக்கப்போகிறார் என்று. எடுத்தால் மில்லில் வேலை. குடும்பத்தோடு இருக்க ஓடு போட்ட வீடு, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்.

"திருவுனா கொட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

"கொட்டும்."

"நாம பாட்டுக்குத் திருவலாமா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு சொல்லுவா? நம்ம வூட்டுக் கொழா" என்று கத்தினேன். அன்றையிலிருந்து எனக்கு அந்தக் குழாயைத் தவிர வேறு நினைப்பில்லை.

நெட்டையனும் நானும் பேசிக்கொள்வது நின்றுபோனது. அவனாக வந்து பேசவில்லை, நானும் போகவில்லை. ஆனால் மைதானத்துக்கு இருவரும் வந்தோம். கைதட்டல் இருந்ததே, அது போதும். அரையிறுதியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெயித்தோம். "ரெண்டு ஊமைங்கள வச்சுகிட்டுக் கோப்பை வாங்கப்போறேன்டா" என்று சிநேகிதன் தலையில் அடித்துக்கொண்டான்.

இறுதியாட்டம் நடந்த அன்றுதான் எங்கள் தெருவே லாரி பிடித்து, கலெக்டரிடம் மனுக் கொடுக்கத் தஞ்சாவூருக்குப் போயிருந்தது. கலெக்டர் கேம்ப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். வெயிலில் நின்ற ஜனம் வாடிப்போய்த் திரும்பும்போது அப்பா சொல்லியிருக்கிறார், எம்மவன் இங்கதான் பந்தாடுறான், பாத்துட்டுப் போவோம் என்று. முதல் பாதி நடுவில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சுருட்டின கொடிகள், அழுக்கு முண்டாசு, இடுப்பில் பிள்ளைகள். எதிர்ப்பக்கம் நாற்காலி வரிசையில் பண்ணையாரும் அவருடைய தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிதான் எங்கள் ஊர்க் கிராம முன்சீப். அவர்களுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையில், மில்காரர்.

அதுவரை எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட என் ஆட்டத்தைப் பார்த்ததில்லை. சாயங்காலம் யாருக்கு ஓய்வு இருந்தது? இப்போது வேலைநிறுத்தம், எல்லோருக்கும் ஓய்வு. என் கையில் பந்து வந்ததும் அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். தெரு முழுக்கத் தட்டியது. நான் ஓடினால் தட்டினார்கள், நின்றால் தட்டினார்கள், பந்தைப் பறிகொடுத்தபோதும் தட்டினார்கள்.

கிழிந்தது எங்கள் ஆட்டம். நெட்டையனின் முதுகுக்குப் பின்னால் நான் தட்டுகிற தட்டு அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? அவன் இடப்பக்கம் போட்டால் நான் வலப்பக்கம் இருந்தேன். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது. ஒருமுறை, இருமுறை இல்லை. எங்கள் கையிலிருந்த ஆட்டம் கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது. நாற்காலியில் மில்காரர் கையை வாயருகே வைத்துக் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன்.

கடைசி இடைவேளையில் சிநேகிதன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "உங்க அத்தாகிட்ட போய்ச் சொல்லு மாப்ள, தட்ட வேணாம்னு. ஒரே வார்த்தை."

நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அப்பாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காலையிலிருந்து பட்ட அவமானமெல்லாம் முகத்திலிருந்து துடைத்துப்போயிருந்தது. பக்கத்திலிருந்த யாரிடமோ என்னைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். தட்டாதே என்று அந்த மனுஷரிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

"முடியாது" என்றேன்.

நெட்டையன் அப்போதுதான் வாயைத் திறந்தான். எத்தனையோ வாரம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "அப்ப வாயால கூப்பிடு. டேய்னு கூப்பிடு. ஒண்ணும் ஆவாது."

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. "ரெண்டு பேரும் அப்பறமா அடிச்சுக்கிட்டுச் சாவுங்க, இப்ப ஆட வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான் சிநேகிதன்.

கடைசித் தாக்குதல். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு வந்தேன். நெட்டையன் தன் இடத்தில் முதுகைக் காட்டி நின்றான். அவனுக்குக் கொடுத்தேன். என்னைத் தடுக்க நின்றவன் வலப்பக்கம் சாய்ந்தான். நான் இடப்பக்கம் வெட்டினேன். வளையத்துக்குக் கீழே ஆளே இல்லை, அறுத்த வயல் மாதிரி வெறிச்சென்று கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினேன். தெருவே தட்டிக்கொண்டிருந்தது. நெட்டையனின் தோள் வலப்பக்கம் திரும்புவது தெரிந்தது. மூலையில் என் சிநேகிதனை இரண்டு பேர் மூடி நின்றார்கள். குழாய் கண்ணுக்குத் தெரிந்தது. பண்ணையாரும் தெரிந்தார். ஆனால் அதெல்லாம் யோசனை இல்லை, யோசிக்க அங்கே ஏது நேரம்? ஆட்டக்காரனின் உடம்பு தானாக முடிவெடுத்தது.

"டேய்! போடுறா!"

பந்து வந்தது. எம்பினேன். பலகையில் பட்டு வளையத்துக்குள் விழுந்தது. விசில்.

நெட்டையன் ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினான். "கூப்பிட்டியேடா! கடைசியில கூப்பிட்டியேடா!" என்று குழந்தை மாதிரி கத்தினான். என் வாழ்நாளிலேயே பண்ணை வீட்டார் ஒருவர் தானாக வந்து என்னைத் தொட்டது அப்போதுதான். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். எங்கள் தெருக்காரர்களின் கைதட்டல் பாதியில் நின்றிருந்தது. நான் கூப்பிட்டது அவர்களுக்கும் கேட்டிருந்தது. அப்பா தூக்கிய கையை இறக்காமல் நாற்காலி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மில்காரர் என்னைக் கூப்பிட்டார். "நல்ல மூளைடா உனக்கு. ஒண்ணாந்தேதி வந்து சேரு. வரும்போது உங்க ஊரு முன்சீப்கிட்ட நன்னடத்தைச் சான்று ஒண்ணு வாங்கிட்டு வந்துடு. சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான்."

மறுநாள் அப்பாவும் நானும் முன்சீப் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் எங்களைப் பார்க்கவே இல்லை.

"என்ன?"

"பையனுக்கு மில்லுல வேலைங்கய்யா. நடத்தைச் சீட்டு ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா…"

"நடத்தையா?" என்று சிரித்தார். "நேத்து நூறு பேரு முன்னாடி எங்க வூட்டுப் புள்ளைய டேய்ங்கறான். போடுறாங்கறான். இவன் நடத்தை நல்ல நடத்தைன்னு நான் கையெழுத்துப் போடணும். இல்ல? என் கை அழுகிப்போவாது?"

"விளையாட்டுலங்க…" என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு."

உள்ளேயிருந்து நெட்டையன் வந்தான். அவன் அங்கே இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. "சித்தப்பா, நான்தான் கூப்பிடச் சொன்னேன். அவன் மேல தப்பில்ல" என்றான்.

"நீ சொல்லலாம்டா தம்பி, நீ சின்னப் புள்ள. சொன்னா அவன் கூப்பிட்டுடறதா? உள்ள போ."

அவன் நின்றான். "உள்ள போன்னேன்" என்று அவர் குரல் உயர்ந்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு உள்ளே போனான். கட்டத்தில் இரண்டு பேர் சூழ்ந்து நின்றாலும் பந்தை விடாமல் சண்டை போடுகிறவன், உள்ளே போய்விட்டான்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாசல் மண்ணில் மண்டியிட்டார்.

"ஆண்டே" என்றார். "புள்ள தெரியாம பேசிட்டான் ஆண்டே. கொடிய இன்னைக்கே புடுங்கிடறேன். எழுதிக் குடுங்க ஆண்டே."

முன்சீப் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "கொடியப் புடுங்கு, நல்லது. சீட்டு கெடையாது."

அலையாத இடமில்லை. தாசில்தார் ஆபீசில் முன்சீப் ரிப்போர்ட் இல்லாமல் ஒன்றும் முடியாது என்றார்கள். சுயமரியாதை, சமத்துவம் என்று மைக்கில் தொண்டை கிழியக் கத்துகிற கரை வேட்டிக்காரரிடம் போனோம். அவர் என் தோளில் கைபோட்டு, "தம்பி, நீ கூப்பிட்டது சரிதான். ஆனா எலெக்சன் வருது பாரு, அவங்க கை நமக்கு வேணும். கொஞ்சம் பொறு" என்றார். பஞ்சாலை பொறுக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். சிநேகிதன் பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லோரையும் கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்த்தான், அழுதான். அம்மா குழாயைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

கூலித் தகராறு கால்படியில் முடிந்தது. முள்ளை எடுத்தார்கள், அறுவடை தொடங்கியது. அரிவாளோடு நானும் இறங்கினேன். சேறு காய்ந்த வயலில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தபோது வரப்பில் யாரோ வந்து நின்றார்கள். நிழலின் நீளத்திலேயே யாரென்று தெரிந்தது. நான் நிமிரவில்லை.

ஒரு கைதட்டல். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, மெதுவாக. என் கால் தானாக அசைந்தது. அதை அழுத்தி நிறுத்தினேன்.

"ஏன்டா மைதானத்துக்கு வரமாட்டேங்கற?" என்று கேட்டான். "டேய்னு கூப்பிடுடா. இங்க யாரும் இல்ல."

நான் எழுந்தேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினேன். இங்கே மூன்று விநாடி எண்ணுகிற ஆள் யாரும் இல்லை. எனக்கு அவசரமும் இல்லை.

"வாங்க, சின்னய்யா" என்றேன். "நல்லா இருக்கீங்களா, சின்னய்யா?"

ஒவ்வொரு வார்த்தையாக, முழுசாகச் சொன்னேன். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் அடிபட்டவன் மாதிரி நின்றான். பிறகு திரும்பி வரப்போடு நடந்துபோனான். நான் குனிந்து விட்ட இடத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தேன்.